கைகாட்டி இறங்குவதற்கு முன்

பொன்மலை,
11-2-1962

அப்பத்தாவுக்குப் பேரன் சின்னச்சாமி காலைத் தொட்டு எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டுவலி குறைந்ததா? சினை மாடு கன்று போட்டதா? கோட்டைச்சாமி சித்தப்பா சிவகாசி அச்சாபீசு வேலைக்கு ஒழுங்காகப் போகிறாரா?

எனக்கு வேலை மாறியிருக்கிறது. ஒர்க்‌ஷாப் மரவேலைப் பிரிவிலிருந்து எடுத்து, ரயில்வே இன்ஸ்டிடியூட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் விட்டிருக்கிறார்கள். புதிதாக வரும் ஸ்டேசன் மாஸ்டர்களுக்குப் பாடம் நடத்த ஒரு பொம்மை ரயில் பாதை போடுகிறோம். பெரிய பலகை மேல் தண்டவாளம், கைகாட்டி சிக்னல், கேட்டு எல்லாம் உண்டு. எல்லாம் நிஜம் போலவே வேலை செய்ய வேண்டும். பக்கத்தில் வைக்கிற வீடு, மரம், ஆட்கள் சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக வந்திருக்கின்றன. ரெசின் என்கிறார்கள். குங்கிலியத்தைக் காய்ச்சி அச்சில் ஊற்றி ஆறவைத்தது போல இருக்கிறது. துண்டு துண்டாகத்தான் வருகிறது. ஓரத்துப் பிசிறை அரத்தால் ராவி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஒட்டி, அப்புறம் வர்ணம் பூச வேண்டும். கழுவாமல் பூசினால் வர்ணம் பாம்புச் சட்டை போல உரிந்து வருகிறது.

தொந்தரவு என்னவென்றால் எல்லாம் வெள்ளைக்காரன் ஊர். வீட்டுக்கு வீடு புகைபோக்கி, ஆளுக்கு ஆள் தொப்பி. இதை நம் பக்கத்து ஸ்டேசனாக மாற்று, பழைய ஒற்றைப் பாதை ஸ்டேசன் ஒன்றின் பெயர் சொல் என்றார் எங்கள் அதிகாரி. யோசிக்காமல் நம்மூர் மேலவாகைக்குளத்தைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அப்பா வெட்டுப்பட்ட இடம். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. இப்போது அங்கே எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். பழசு எது எங்கே நின்றது என்று சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை. மனசு சங்கடப்பட்டால் எழுத வேண்டாம்.

தங்கள் பேரன்,
சின்னச்சாமி


மேலவாகைக்குளம்,
24-2-1962

என் மகன் சோலைமலை பெற்ற சின்னச்சாமிக்கு அப்பத்தா ராமுத்தாய் எழுதியது. உடம்பு இருக்கிறது, அதோடு வலியும் இருக்கிறது. மாடு கிடாரிக் கன்று போட்டது. நீ கண்ட கடையில் தின்னாதே.

சங்கடப்பட்டால் எழுத வேண்டாம் என்கிறாய். நான் மூணாங்கிளாசுக்காரி. எழுத்துக் கூட்டி எழுத எனக்குத் தெரியும், வாசிக்கத்தான் கண் இல்லை. கேட்டுக்கொள்.

ஸ்டேசன் சிகப்பு ஓடு, கிழக்கே பார்த்த வாசல். அதற்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் ரயில்வே கேட்டு. கேட்டை ஒட்டிப் புளியமரம். தூரில் பொந்து இருக்கும், ஒரு ஆள் குந்தலாம். தெற்கு வீட்டான் ஒருத்தன் அதில்தான் குந்தியிருந்தான். எதிரே கள்ளி வேலி. அதற்குள் அவன் அண்ணன் தம்பி இரண்டு பேர். கண்மாய் மடைத் தண்ணீரை உங்கப்பன் மறித்துவிட்டான் என்று பகை.

உங்கப்பன் பருத்தி ஏற்றிய வண்டியில் முன்னால் போனான். நான் பின் வண்டியில், ஓடைக்கு இந்தப் பக்கம். கேட்டு திறந்து கிடந்தது. எங்கள் வண்டியைப் பார்த்ததும் கேட்டுக்காரன் கருப்பணன் குடிசையிலிருந்து வந்து அடைத்தான். நான் கைகாட்டியைப் பார்த்தேன். கை இறங்கவில்லை. ரயில் வருகிறதென்றால் கை இறங்கியிருக்க வேண்டாமா? கை இறங்காமல் இவன் யாருக்காகக் கேட்டை அடைத்தான்?

முதல் வெட்டு பிடரியில். இரண்டாவதைக் கையால் தடுத்தான். மணிக்கட்டு தோலில் தொங்கியது. மாடுகள் மிரண்டு கேட்டில் போய் முட்டின. கேட்டு மட்டும் திறந்திருந்தால் மாடு அவனை இழுத்துக்கொண்டு அக்கரைக்குப் போயிருக்கும். நான் ஓடி வருவதற்குள் கொத்துக்கறி போட்டுவிட்டார்கள். அவனை மடியில் கிடத்தியிருக்கும்போது சரக்கு வண்டி ஒன்று தன் பாட்டுக்குப் போனது.

கோர்ட்டில் கருப்பணன் சொன்னான்: "ரயிலு வண்டிக்குக் கேட்ட அடைச்சேன் எசமான். திரும்பி நின்னேன். ஒண்ணும் பாக்கலை." மூன்று பேரும் சிரித்துக்கொண்டு படி இறங்கினார்கள். அவன் நம் ஆள். என் கையால் கம்பங்கஞ்சி வாங்கிக் குடித்தவன்.

இரண்டு பேரை என் தம்பி அதே புளியமரத்தடியில் சாய்த்துவிட்டு ஜெயிலில் தூக்கில் தொங்கினான். மூன்றாமவன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடிக் கம்பெனி வைத்தான். மருந்து இடிக்கிற ஷெட்டு வெடித்து, அவனை ஒரு சாக்கில் அள்ளினார்கள். கருப்பணன் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினான். அவன் ஒருத்தன்தான் பாக்கி. கேஸ் நடக்கும்போது தெற்கு வீட்டுக்கு மோர் ஊற்றினாள் என்று என் கூடப்பிறந்த அக்காள் செத்ததற்கே நான் போகவில்லை. இவனை விடுவேனா?

உன் பலகையில் கேட்டை அடைத்தே வை. பக்கத்தில் அவனை நிறுத்து.

உன் அப்பத்தா


பொன்மலை,
18-3-1962

அன்புத் தங்கை வேலுத்தாய்க்கு அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் விருதுநகரில் சௌக்கியமா? பங்குனிப் பொங்கலுக்கு அப்பத்தா உன் வீட்டுக்கு வருகிறாளா, நீ ஊருக்குப் போகிறாயா? எப்படியானாலும் இந்தக் கடிதம் உன்னோடு இருக்கட்டும். அப்பத்தா காதுக்குப் போகவே கூடாது.

நான் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன். பெயர் பாலம்மாள். அவள் அண்ணன் என்னோடு கொட்டகையில் வேலை பார்க்கிறான். அவனுக்குச் சோறு கொண்டு வருகிறவள் ஒரு நாள் ரெசின் பொம்பளை ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஊருப் பொம்பளைக எல்லாம் இப்படித்தான் கடுகடுன்னு இருப்பாகளா?" என்றாள். "நீ எங்க அப்பத்தாவப் பாத்ததில்ல. இது சிரிச்ச மூஞ்சி" என்றேன். அன்றிலிருந்து சேலைக் கரை எல்லாம் அவள்தான் தீட்டுகிறாள். தீக்குச்சி நுனியில் நாலு முடியைக் கட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு கோடு இழுப்பாள்.

போன வாரம் அவள் அப்பா பலகையைப் பார்க்க வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் புளியில பொந்து இன்னும் கொஞ்சம் பெருசு தம்பி" என்றார். பெயர் கேட்டேன். கருப்பணன்.

அரம் என் கையில் இருந்தது. குத்தியிருப்பேன், வேலுத்தாய். அவரே, "நீங்க சோலைமலை மகனா" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெட்டியதை முழுக்கப் பார்த்தாராம். சாட்சி சொல்லப் போவதற்கு முதல் நாள் தெற்கு வீட்டார் வந்து, தவழ்கிற பிள்ளையாக இருந்த பாலம்மாளை ஒற்றைக் காலைப் பிடித்துக் கிணற்றுக்குள் தொங்கவிட்டுக் காட்டினார்களாம். அதற்குப் பயந்துதான் பார்க்கவில்லை என்று சொன்னாராம். சொல்லிவிட்டு, "நீங்க என்ன செஞ்சாலும் சரி. எம்மகளுக்கு மட்டும் இது தெரியாது" என்றார்.

தெரிந்தால் அப்பத்தா அவரை உயிரோடு விடமாட்டாள். சித்தப்பா அவள் சொல்லுக்கு மறுசொல் சொன்னதே இல்லை. பெரியவர் பெயரைச் சொல்லாமல் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். மற்றது நேரில்.

உன் அண்ணன்


பொன்மலை,
1-4-1962

அப்பத்தாவுக்குச் சின்னச்சாமியின் வணக்கம். வெயில் ஏறிவிட்டது, மோர் குடியுங்கள். கன்று துள்ளுகிறதா?

நீங்கள் எழுதியபடியே ஸ்டேசன் எழும்பிவிட்டது. புகைபோக்கிகளை எல்லாம் அறுத்தெடுத்தேன். தொப்பிக்கார ஆட்களைக் குறட்டில் பிடித்துத் தொப்பியைச் சீவித் தலைத்துண்டு கட்டிவிட்டேன். கொஞ்சம் கைதவறினால் தலையே போய்விடுகிறது. நாலைந்து முண்டங்கள் டப்பாவில் கிடக்கின்றன. குடை பிடித்த துரைசாணி ஒருத்தி இப்போது சுள்ளிக்கட்டுக்காரி. கேட்டுக் குடிசைக்குத் தண்டவாளத்துப் பக்கச் சுவரில் ஒரு பீர்க்கங்கொடி ஏற்றியிருக்கிறேன். தேங்காய் நாரைச் சாயத்தில் முக்கி, மஞ்சள் பூ வைத்தது. பார்க்கிறவர்கள் பறிக்கக் கை நீட்டுகிறார்கள்.

சலித்த கரிசல் மண் கொஞ்சமும், அச்சாபீசில் மிஞ்சிய மைடப்பாக்களும் சித்தப்பாவிடம் சொல்லி அனுப்பிவைக்க வேண்டும். டர்பன்டைனில் கரைத்துப் பூசினால் அந்த மைதான் ரெசினில் நிற்கிறது.

இன்னொரு சேதி. இங்கே ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். நம் ஆட்கள்தான். பெயர் பாலம்மாள். அப்பா ரயில்வேயில் இருந்தவர். உங்கள் சம்மதம் வேண்டும்.

சின்னச்சாமி


விருதுநகர்,
10-4-1962

அண்ணனுக்கு வேலுத்தாய் எழுதுவது. நலம் விசாரிக்க நேரமில்லை.

ஊருக்குப் போயிருந்தேன். உன் கடிதத்தை நான்தான் அப்பத்தாவுக்கு வாசித்தேன். துரைசாணி சுள்ளிக்கட்டுக்காரியானதற்குச் சிரித்தாள். பீர்க்கங்கொடி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினாள். "திருப்பி வாசி" என்றாள். வாசித்தேன். "இன்னொருக்க" என்றாள்.

"அந்தக் கொடிய நான் எழுதலையே தாயி. ரோட்டுப் பக்கம் நின்னு பாத்தா அது தெரியாது. கஞ்சி கொண்டுக்கிட்டுப் பின்பக்கம் போனவளுக்குத்தான் தெரியும். நான் குடுத்த விதை அது. அங்கன குடியிருந்தவன் வாய் தொறக்காம இவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அப்புறம் மெதுவாக, "ரயில்வேயில இருந்தவருன்னு எழுதிருக்கான். பேரு எழுதலை பாத்தியா" என்றாள்.

என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேர்த்திருக்கே" என்றாள். அண்ணே, சித்தப்பா அருவாளைக் கொல்லன் பட்டறையில் கொடுத்திருக்கிறார். மை கொண்டு வருகிற சாக்கில் வருவார். பெரியவரை எங்காவது அனுப்பிவிடு.

வேலுத்தாய்


பொன்மலை,
13-4-1962

அப்பத்தாவுக்கு,

மறைத்தது என் தப்பு. ஆமாம், அவர்தான். பாலம்மாள் அவர் மகள். எங்காவது போய்விடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஒருக்க ஓடினது போதும்" என்று அசையாமல் இருக்கிறார்.

ஒன்றை மட்டும் கேளுங்கள். நேற்றுப் பலகையில் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கைகாட்டியை இழுத்தேன். கை அசையவில்லை. கேட்டை அடைத்துப் பூட்டினால்தான் பூட்டிலிருந்து சாவி வரும். அந்தச் சாவி ஸ்டேசனுக்குப் போனால்தான் கைகாட்டியை இறக்க முடியும். அன்றும் அப்படித்தான். முதலில் கேட்டு, பிறகுதான் கைகாட்டி. நாம் ஊரிலே தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம், கை இறங்கின பிறகு கேட்டு அடைப்பான் என்று. நீங்கள் பார்த்தது சரி, கை இறங்கவில்லை. கேட்டை அப்போதுதான் அடைத்திருக்கிறார், அதனால் இறங்கவில்லை. அந்தச் சரக்கு வண்டியும் வந்தது, நீங்களே பார்த்தீர்கள். தெற்கு வீட்டாருக்கு அதன் நேரம் தெரியும். கேட்டில் வண்டி நிற்கும் என்றுதான் அங்கே பதுங்கினார்கள்.

கோர்ட்டில் பொய் சொன்னது நிஜம். பிள்ளையைக் கிணற்றில் தொங்கவிட்டு மிரட்டியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைதான் பாலம்மாள். சித்தப்பாவை நிறுத்துங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

சின்னச்சாமி


மேலவாகைக்குளம்,
19-4-1962

சின்னச்சாமிக்கு,

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கத்தை விட்டு உன் கடிதத்தை வாசிக்கச் சொன்னேன். ரெண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டு விசயம் நீ சொல்கிறபடி இருக்கலாம். இத்தனை வருசம் அந்தக் கையை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தவள் நான். சரி, அது போகட்டும்.

கேட்டை ரயிலுக்கு அடைத்தான். வாயை யாருக்கு அடைத்தான்? அவன் பிள்ளையைத் தொங்கத்தான் விட்டார்கள். என் பிள்ளையை வெட்டியே போட்டார்கள். அவன் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் சர்க்கார் அவர்களைத் தூக்கில் போட்டிருக்கும், என் தம்பி போயிருக்க மாட்டான். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லாதவன் மனுசப் பிறவியா?

கோட்டைச்சாமி இன்று பாசஞ்சருக்குப் போய்விட்டான். மைடப்பா கொண்டு வருகிறான். நீ குறுக்கே நிற்காதே.

அப்பத்தா


ரயில்வே ஆஸ்பத்திரி, பொன்மலை,
2-5-1962

அப்பத்தாவுக்கு,

வலது கை நன்றாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நீங்கள் எழுதியது இந்தக் கட்டிலுக்குத்தான் வந்து சேர்ந்தது.

சித்தப்பா கொட்டகைக்கு வந்தபோது நானும் பெரியவரும் பாலம்மாளும் இருந்தோம். மைடப்பாக்களை வரிசையாக எடுத்து வைத்தார். பாலம்மாள், "சாப்பிட்டீகளா மாமா" என்றாள். அவர் பலகையைச் சுற்றி வந்தார். கேட்டைக் கண்டதும் நின்றார்.

"அண்ணன் எங்கன நின்னாரு?"

காட்டினேன்.

"கேட்டுக்காரன்?"

பெரியவர் எழுந்து வந்து தன் விரலைப் பலகையில் வைத்தார். "இங்கன நின்னேன் தம்பி. முழுக்கப் பாத்தேன்."

பைக்குள் போன கை அருவாளோடு வந்தது. முதல் வெட்டு பெரியவர் வலது தோளில் இறங்கியது. இரண்டாவதற்கு நான் இடது கையை நீட்டினேன். என் இரண்டு விரல்கள் ஸ்டேசன் வாசலில் போய் விழுந்தன, அங்கே நிற்கிற ஆட்களைவிடப் பெரிதாக. மூன்றாவது வெட்டு பலகையில் விழுந்து ஸ்டேசன் கூரை பிளந்தது. புளியமரம், கேட்டு, சுள்ளிக்கட்டுக்காரி எல்லாம் தெறித்துப் போய்ச் சுவரில் அடித்தன. அருவாளைப் பலகையிலிருந்து பிடுங்க முடியாமல் சித்தப்பா இழுத்துக்கொண்டிருக்கும்போது, பாலம்மாள் அங்கே கிடந்த நிஜத் தண்டவாளத் துண்டு ஒன்றை எடுத்து அவர் முழங்கையில் போட்டாள். எலும்பு ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. இன்னொரு அடி முட்டியில். அவர் விழுந்ததும் அருவாளை அவள் பிடுங்கிக்கொண்டாள்.

சித்தப்பா கீழே கிடந்தபடி கழுத்தைச் சாய்த்துக் காட்டினார். "வெட்டு தாயி. ரெண்டு வீட்டுக்கும் சரியாப் போகும்."

"எங்கப்பாவுக்கு மூச்சிருக்கான்னு மொதல்ல பாக்கணும். ஒங்ககிட்ட அப்புறம் வாரேன்" என்றாள்.

பெரியவர் வலது கையைத் தோளோடு எடுத்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது. சித்தப்பாவைப் போலீஸ் கொண்டுபோனது. பாலம்மாளுக்கு இப்போது எல்லாம் தெரியும். என்னோடு பேசுகிறாள், அப்பாவோடு பேசவில்லை.

சின்னச்சாமி


மேலவாகைக்குளம்,
11-5-1962

என் ராசா சின்னச்சாமிக்கு,

கை ஆறிவிட்டதா? பச்சைத் தண்ணீர் படவிடாதே. கறி தின்னாதே, சீழ் வைக்கும். விரலைப் பற்றிக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வக்கீலைப் பார்த்தேன். பார்த்த சாட்சி மூன்று பேர்தான், அவர்கள் சொல்கிறதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். நீ திரும்பி நின்றேன், யார் வெட்டினது என்று தெரியாது என்று சொல்லிவிடு. அந்தப் பிள்ளையையும் சொல்லச் சொல். பெரியவரிடமும் போய்க் கேள். அவருக்குச் சொல்லிப் பழக்கம்தானே.

எனக்கு இருக்கிறது ஒரே மகன். அவனை நான்தான் அனுப்பினேன், அவனாகப் போகவில்லை. நீ அந்தப் பெண்ணையே கட்டிக்கொள். நானே வந்து முன்னால் நிற்கிறேன். வேறு என்ன வேண்டும், எழுது.

உன் அப்பத்தா ராமுத்தாய்


பொன்மலை,
29-8-1962

அப்பத்தாவுக்கு,

உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று வேலுத்தாய் எழுதினாள். தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பெரியவருக்கு அப்போதே வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொருக்க வாசிங்க" என்றார். பிறகு, "உங்க அப்பத்தா கேட்டு நான் இல்லைன்னு சொல்றது இதுதான் மொதத் தடவை. ஒருக்க பாக்கலைன்னு சொல்லி அந்தம்மா தம்பியத் தூக்குக்கு அனுப்பிட்டேன். மறுபடி அந்த வார்த்தை எனக்கு வாயில வராது தம்பி" என்றார்.

நேற்றுக் கோர்ட்டில் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்னார். பாலம்மாளும் சொன்னாள். என் முறை வந்தபோது சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சொல்லிவிட்டேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். பலகையை மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறோம். எட்டு விரலுக்குக் கை பழகி வருகிறது. கல்யாணம் தை மாதம்.

சின்னச்சாமி


மேலவாகைக்குளம்,
3-2-1963

சின்னச்சாமிக்கு ராமுத்தாய் எழுதுவது.

உன் நான்கு கடிதமும் வந்தது. கல்யாணப் பத்திரிகையும் வந்தது. பதில் எழுத மனசில்லை, எழுதவில்லை. கோட்டைச்சாமிக்கு ஐந்து வருசம் என்று தீர்ப்பான அன்று, உன் பேரைச் சொல்லித் தண்ணீரில் முங்கி எழுந்தேன். நீ எனக்குப் பேரன் இல்லை. அந்தப் பெண்ணும் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் என் மகன் கையை ஒடித்த பிறகும் அருவாளைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டாமல் நின்றாளே, அதை மறக்கவில்லை. நல்லதையும் நான் மறக்கிறதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை திருச்சி ஜெயிலுக்கு மனுப் போட்டுக் கோட்டைச்சாமியைப் பார்க்க வருகிறேன். வேலுத்தாய் துணைக்கு வருகிறாள். பாசஞ்சர் விடியக் காலமே வந்துவிடுமாம், ஜெயில் கதவு திறக்க நேரம் கிடக்கிறதாம். உன் வீட்டுக்கு வரமாட்டேன். திருச்சி ஸ்டேசன் பெஞ்சிலேயே இருந்துகொள்வேன். நீ வராதே. உன்னைப் பார்த்தால் கையைத்தான் பார்ப்பேன், அது எனக்கு ஆகாது.

அந்தப் பிள்ளையை விட்டுக் கருப்பணனை ஸ்டேசனுக்குக் கூட்டிவரச் சொல். நான் ஓடி வரும்போது சோலைமலைக்குப் பேச்சு இல்லை. கேட்டில் சாய்ந்து கிடந்தபோது ஏதாவது சொன்னானா, என்னைக் கூப்பிட்டானா, அது இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கோர்ட்டில் இப்போது வாய் திறந்துவிட்டதே, அதை என்னிடம் சொல்லிவிட்டுப் போகட்டும்.

சோறு கட்டிக்கொண்டு வருவேன். கருப்பணனுக்குக் கிடையாது.

ராமுத்தாய்